கணக்குப் பாடத்தில் வரும் ஒருவர்

விடுதியில் அவனை 'நூறு' என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டு வட்டிக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மகராசன். விடுமுறை விட்டதும் மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். மூன்றாம் மாடியில் இவன் மட்டும் மிச்சம். குழாய் சொட்டுவதுகூட இரைச்சலாகக் கேட்டது.

நாளை மறுநாள் அக்கா வேலைக்காக வெளிநாடு போகிறாள். போனால் திரும்பி வர வருஷக்கணக்காகும். ரயில் டிக்கெட் எடுக்கக் கிரெடிட் கார்டைப் போட்டான். வரம்பு முடிந்துவிட்டது என்று வந்தது. வங்கிக் கணக்கிலும் டீக்குத்தான் காசு.

கல்லூரி வாசலில் மேஜை போட்டு, ஒரு தோள்பையை இலவசமாகக் கொடுத்துத் தலையில் கட்டிய கார்டு அது. அதில் லேப்டாப் வாங்கினான். பில்லில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று போட்டிருந்த தொகையை மாதம் தவறாமல் கட்டினான். அதைத் தவணை என்றே நினைத்திருந்தான், பாவி. இன்றுதான் பில்லை முழுசாகப் படித்தான். கட்டியதெல்லாம் வட்டிக்கே போயிருந்தது. அசல் குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தது.

பாடத்தில் எப்போதும் 'ஒருவர்' கடன் வாங்குவார். அந்த ஒருவர் நாளைக்கு நீதானடா என்று ஒரு வாத்தியாராவது சொல்லியிருக்க வேண்டாமா? நினைத்தால் கதை சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது.

அப்பாவோ மகனின் மார்க்கை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிக்கும் மனுஷர். அவரிடம் கேட்க நாக்கு எழவில்லை. ப்ராஜெக்ட் இருக்கிறது, வர முடியாது என்று வீட்டுக்கு மெசேஜ் அனுப்பினான். அனுப்பிவிட்டு வெறும் கட்டில்களைப் பார்த்து அழுதான்.

அக்கா போனில் கூப்பிட்டாள்.

"வரலன்னா போடா, பெரிய மனுஷா. ஒரு சந்தேகம். புது ஆபீஸ்ல கார்டு தராங்க. மாசாமாசம் கொஞ்சமா கட்டினாப் போதுமாம். வாங்கிக்கவா? கணக்குப் புலி நீதானே?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம்.

"வாங்கினா முழுசா கட்டிடுக்கா. அந்தக் குறைஞ்ச தொகைய மட்டும் கட்டிட்டிருக்காத. அசல் அசையவே அசையாது."

"புத்தகத்துல போட்டிருக்கா?"

"புத்தகத்துல இல்லக்கா." குரல் உடைந்துவிட்டது.

"ப்ராஜெக்ட்னு சொன்னது இதுக்குத்தானா? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா."

"யாரைக்கா கேக்கிறது? கணக்குன்னா எல்லாரும் என்கிட்டதானே வரீங்க?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"துணிய எடுத்து வை. டிக்கெட் நான் போடறேன்" என்றாள். "அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."