துளசி சுற்றிய ஃபிளாஸ்க்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரைக்கும் அந்த ஃபிளாஸ்கை அரவிந்தவல்லி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். புது ஃபிளாஸ்க். கழுத்தில் மஞ்சள் துணி சுற்றி, அதன்மேல் துளசிச் சரம் கட்டியிருந்தது. உள்ளே இருப்பது ஆண்டாள் சன்னிதித் தீர்த்தம் என்று கணவர் நம்பி சொல்லியிருந்தார்.

"சாளக்ராமத்துப் பெருமாளுக்குச் சேர்க்கணும். வழியிலே திறக்கப்படாது, என்ன?"

அது 1987, புரட்டாசி. நம்பி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் தலைமை குமாஸ்தாவாக இருந்து அந்த ஆடியில்தான் ஓய்வு பெற்றார். வடக்கே மலைமேல் இருக்கும், முக்திநாத் என்று மற்றவர்கள் சொல்லும் சாளக்ராமத்தை ஒருமுறை சேவித்துவிட வேண்டும் என்பது இருவருக்கும் நெடுநாள் ஆசை. ஊரிலிருந்து ஒரு கோஷ்டி ரயிலில் கிளம்பிப் போய்விட்டது. அரவிந்தவல்லிக்கு முழங்கால் வீக்கம். மூன்று நாள் ரயிலில் உட்கார முடியாது என்று, மெட்ராஸில் இருந்த அவள் தம்பி உப்பிலி மதுரையிலிருந்து மெட்ராஸ் வழியாக டெல்லி வரைக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். இருவரும் பிறத்தியார் சமைத்ததைத் தொடமாட்டார்கள். அதனால் பெட்டிக்குள் பம்ப் ஸ்டவ் ஒன்றும் போயிற்று.

விமான நிலையத்தில் பெண்களைச் சோதனை போட ஒரு திரை கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த போலீஸ்காரிக்கு முப்பது வயது இருக்கும். சட்டையில் அய்யம்மாள் என்று பெயர் குத்தியிருந்தாள். பையைக் கிளறிவிட்டு ஃபிளாஸ்கை எடுத்தாள்.

"இதுல என்ன மாமி?"

"தீர்த்தம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தீர்த்தம்."

அய்யம்மாளின் முகம் அப்படியே மாறிவிட்டது. "நான் சுந்தரபாண்டியம் மாமி. ஆடிப்பூரத் தேருக்கு வருசா வருசம் வந்துருவேன். இந்த வருசம்தான் டூட்டி போட்டுட்டாக." தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையைக் குழித்து நீட்டினாள். "ஒரு சொட்டு ஊத்துங்க."

அரவிந்தவல்லி மூடியில் கை வைத்துவிட்டாள். திரைக்கு வெளியே நின்ற நம்பி பதறிக்கொண்டு குரல் கொடுத்தார். "திறக்காதே அரவிந்தம்! பெருமாளுக்குச் சேர்க்கறதுக்கு முன்னாடி திறந்தா தோஷம்!"

போலீஸ்காரி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஃபிளாஸ்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று பையில் சீட்டைக் கட்டிவிட்டாள்.

அரவிந்தவல்லி விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. பையை நம்பி தலைக்கு மேலிருந்த தட்டில் வைத்தார். விமானம் எழும்பும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு திருநாமம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் புகை பிடிக்கக்கூடாது என்ற விளக்கு அணைந்தது. அங்கங்கே சிகரெட் புகை கிளம்பியது. அதோடு இன்னொரு வாடை. ஊசி போடுமுன் கையில் பஞ்சு தேய்ப்பார்களே, அந்த வாடை.

"யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கே" என்று நம்பியின் பக்கம் திரும்பினாள்.

நம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, முன் ஸீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்தது. பின்னால் இன்னொன்று. தோள் நன்றாக நனைந்திருந்தது. அந்த மனிதர் ஏ.ஸி. தண்ணீர் என்று நினைத்தாரோ என்னவோ, கையால் துடைத்துவிட்டு அதே கையால் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். வாயில் சிகரெட் இருந்தது.

"ஸ்பிரிட்" என்றார் நம்பி. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "அரவிந்தம், அது ஸ்பிரிட்டு. அவரை..."

முன்னால் குச்சி உரசும் சத்தம் கேட்டது. பற்றவில்லை.

எந்தக் காலால் எழுந்தாள், எப்படி எட்டினாள் என்று அவளுக்குப் பிறகும் ஞாபகம் வரவில்லை. ஸீட்டின்மேல் கவிழ்ந்து விழுந்து, அந்த மனிதரின் இரண்டு கைகளையும் தீப்பெட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்! உரசாதீங்கோ! மேலே ஸ்பிரிட்!"

பணிப்பெண் ஓடிவந்தாள். பையைத் திறந்தபோது ஃபிளாஸ்கின் கார்க் மேலே எழும்பியிருந்தது. பாதி ஸ்பிரிட் வழிந்து புடவைகளெல்லாம் ஊறிக் கிடந்தன. "சிகரெட்டை அணையுங்கள்! எல்லாரும்!" என்று அவள் கத்திய கத்தலில் பின்னால் யாரோ வீறிட்டு அழுதார்கள்.

முன் ஸீட்டுக்காரர் தன் தோளை முகர்ந்து பார்த்தார். கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

"நம்பி சாரா? நீங்களா?"

ராஜபாளையத்துக் காசிராஜன். நம்பியின் மில்லுக்குப் பல வருஷமாகப் பஞ்சு கொடுத்தவர். "அம்மம்மா, தல்லீ" என்று தெலுங்கில் தாயைக் கூப்பிட்டு முனகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மெட்ராஸ் வரை பனியனோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

மெட்ராஸில் போலீஸ் காத்திருந்தது. நம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. மலையில் கெரசின் கிடைக்கும், பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்க ஸ்பிரிட் கிடைக்காது என்று கோஷ்டிக்காரர் சொன்னாராம். ராஜபாளையத்தில் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் சங்கையாதான் ஒரு லிட்டர் கொடுத்தான். "சாமி, பிளேன்ல விடமாட்டாக. ரயில்ல போறவுகட்ட குடுத்து விடுங்க" என்று அவன் அப்போதே சொன்னானாம். அதற்குள் கோஷ்டி கிளம்பிவிட்டது. தீர்த்தம் என்று சொன்னால் யாரும் திறக்கமாட்டார்கள் என்று நம்பிதான் துளசியைக் கட்டியிருக்கிறார்.

அரவிந்தவல்லி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டாள். சாயங்காலம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்.

"ஏன்னா, அந்தப் பொண்ணு கையை நீட்டினாளே. நான் ஊத்தியிருப்பேன். அவளும் குடிச்சிருப்பா."

நம்பி பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஊர் திரும்பியதும், "ஏன் திரும்பிட்டேள்னு கேட்டா, முழங்கால் வலின்னு சொல்லிடு" என்றார். "இன்னொரு பொய்க்கு என்னைக் கூப்பிடாதேள்" என்றாள் அரவிந்தவல்லி. கேட்டவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். நம்பி வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

பதினைந்து நாள் கழித்துக் காசிராஜன் வீடு தேடி வந்தார். உட்காரவில்லை. "என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாக சார். ஒங்க பைய செக் பண்ணுன பொம்பளைய சஸ்பெண்ட் பண்ணிட்டாகளாம். ஒங்களுக்குத் தெரியட்டும்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அரவிந்தவல்லி சுந்தரபாண்டியம் போனாள். நம்பியும் கூடப் போனார். அய்யம்மாள் வீட்டு முன்னால் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தன. காக்கி இல்லாமல் வேறு ஆள் மாதிரி இருந்தாள். அவர்களைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"எதுக்கு வந்தீக?"

அரவிந்தவல்லி கை கூப்பினாள். அய்யம்மாளே பேசினாள்.

"ஏன் தொறந்து பாக்கலன்னு கேட்டாக. சாமி தீர்த்தம்னு சொன்னாக சார்னேன். அம்புட்டுப் பேரும் சிரிச்சாக மாமி. சஸ்பெண்ட் ஆனது கூட எனக்குப் பெருசில்ல."

"நானும் தீர்த்தம்னுதாம்மா நெனச்சேன். பெருமாள் சத்தியமா."

அய்யம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு நம்பியைப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டம்மாகிட்டயுமா?"

போலீஸிடம் கலங்காத மனிதர், மிளகாய்க்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"என்ன செய்யணும், சொல்லும்மா" என்றார் கடைசியில்.

"நான் என்னத்தச் சொல்ல? நடந்தத எழுதிக் குடுங்க. எங்க ஆபீசர் கையில நேர்ல குடுங்க. நான் ஏமாந்தேன், வெல போகலன்னு அவிய தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

அன்றைக்கே அவர் நாலு பக்கம் எழுதினார். தானே மதுரைக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் காத்திருந்து, அதிகாரியின் கையில் கொடுத்தார். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள், கட்டினார். அய்யம்மாளை மறுபடி வேலையில் சேர்க்க நாலு மாதம் ஆயிற்று. செய்தி தெரிந்த அன்று நம்பி அடுக்களை வாசலில் வந்து நின்று சொன்னார்.

"எங்கே போட்டிருக்கா?" என்று கேட்டாள் அரவிந்தவல்லி.

"ராமநாதபுரம் பக்கமாம்."

"கொழந்தைகள்?"

"ரெண்டு பெண்களும் சுந்தரபாண்டியத்துலதான். பாட்டிகிட்டே விட்டுட்டுப் போயிருக்காளாம்."

அரவிந்தவல்லி அடுப்பை அணைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லி அவள் கூப்பிட வெகுநேரம் ஆயிற்று.