ஆண்டிபட்டி பஸ்ஸை முந்திய வேட்டி

போன ஆடியில், தேனி அல்லிநகரத்து மெயின் ரோட்டில், ஆண்டிபட்டி பஸ்ஸை நான் என் வேட்டியால் முந்தினேன். பஸ் அறுபதில் போனது. நான் எவ்வளவில் போனேன் என்று சொல்ல முடியாது. வேட்டியில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. டிரைவர் ஹாரன் அடித்தான். "ஒதுங்குப்பா" என்று கையைக் காட்டினேன். ஒதுங்கினான். குமுளி மலைப்பாதையில் ஆயுள் முழுக்க அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற லூர்துநாதன் நான் என்று அவனுக்குத் தெரியும். மரியாதை தெரிந்த பிள்ளை.

சிரியுங்கள். ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே நம்பவும் செய்தது. நம்பாத ஆள் ஒருவன்தான், கட்டட ஓனர் கர்ணன். அவன் நம்ப மறுத்ததில் எனக்கு வந்த கோபத்தைக் கொண்டுபோய் வைகை அணையில் இறக்கியிருந்தால் மதுரைக்காரர்களுக்குக் குழாயில் வெந்நீர் வந்திருக்கும்.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். யாஸ்மின் எங்கள் தெருப் பெண். கர்ணனின் கட்டடத்தில் பிள்ளைகளுக்கான ஷூ, ஸ்கேட்டிங் சக்கரம், ஸ்கேட்போர்டு விற்கிறாள். கடை ரயில் பெட்டி மாதிரி, அகலம் இல்லை, நீளம் உண்டு. முன்னால் மெயின் ரோட்டுக்கு ஒரு ஷட்டர். பின்னால் மேற்குச் சந்துக்கு ஒரு ஷட்டர்.

ஸ்கேட்போர்டைத் தொட்டுப் பார்க்கிற எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இத எங்கன வச்சும்மா ஓட்டுறது?" நியாயம்தானே. எங்கள் ரோட்டில் ஓட்டினால் பலகை ஒரு குழியில் கிடக்கும், பிள்ளை இன்னொரு குழியில் கிடக்கும். ஆகவே கடைக்குள்ளேயே பிளைவுட்டில் ஒரு சறுக்கு போட்டோம். பின் ஷட்டரை ஒட்டி உச்சி. அங்கிருந்து வாசலைப் பார்த்து இறக்கம். ஆணி அடித்தது யாஸ்மின். சரிவைச் சொன்னது நான். குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்குகிற கடைசி வளைவில் ஒரு சரிவு உண்டு, வயிற்றைப் பிசையும், ஆனால் உயிரை விட்டுவிடும். அந்தச் சரிவு.

மதியத்திலிருந்து இருட்டும்வரை எனக்கு அங்கே டியூட்டி. விசில் இல்லாமல் ஒரு பிள்ளை இறங்கக் கூடாது. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் ரைட், போலாம். வேலையில் இருந்தவரை கண்டக்டர் ஊதினால் நான் நின்றேன். இப்போது நான் ஊதினால் அல்லிநகரமே நிற்கிறது. ஒரு தடவை சறுக்கில் இறங்கிய பிள்ளை புது ஷூ இல்லாமல் வீட்டுக்குப் போகாது. சறுக்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் செருப்புக் கடை. அந்தத் தெருவில் இருக்கிற செருப்புக் கடைகளுக்கு ஏற்கெனவே கால் போதவில்லை.

கடைக்கு மேல் மாடியில் கர்ணன் குடியிருந்தான். சறுக்குச் சத்தத்தில் அவன் மதியத் தூக்கம் கெடுகிறதாம்.

"கடைன்னு குடுத்தா சர்க்கஸ் நடத்துறீகளா?" என்று தினமும் வந்து கத்துவான். அவன் குறட்டை விட்டால் கீழே ஷூ பெட்டிகள் இடம் மாறும். அதை நாங்கள் ஒரு நாள் சொல்லிக் காட்டியதுண்டா?

தேனியில் கடை வைத்திருப்பவனுக்கு யாரும் சொல்லித்தராத சட்டம் ஒன்று இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால், முன் ஷட்டர் திறந்திருக்கும்போது பின் ஷட்டரைத் தொடாதே. மேற்கு மலையில் இடுக்கு பார்த்து நுழைகிற காற்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஓடி வந்து, வெளியேற ஒரு சந்து தேடும். கொடுத்தால் கடையையே எடுத்துக்கொண்டு போகும். ஒரு ஜவுளிக் கடைக்காரர் இப்படித்தான் மறந்து திறந்தார். அவர் சேலைகளை ஆண்டிபட்டிப் பெண்கள் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தார்கள்.

அன்று ஆடி நடு. மதியம் தூக்கம் கலைந்த கர்ணன் சுத்தியலோடு இறங்கி வந்தான்.

"இன்னிக்கு இதப் பிரிச்சிட்டுத்தேன் சோறு."

யாஸ்மின் வாசலை மறித்துக்கொண்டாள். "கைய வைங்கண்ணே பாப்போம். ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சது. ஒண்ணு கழண்டாலும் சும்மா விடமாட்டேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. விறுவிறுவென்று போய் சறுக்கின் உச்சியில் ஒரு ஸ்கேட்போர்டை வைத்து, அதன்மேல் ஏறி இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"மொதல்ல என்னையப் பிரி. அப்புறம் பலகையப் பிரி."

"யோவ் டிரைவரு, எறங்குய்யா!"

"விசிலு வராம வண்டிய எடுக்க மாட்டேன்."

கர்ணனின் காது சிவந்தது. முன்னால் யாஸ்மின் விடவில்லை. விடுவிடுவென்று சந்துப் பக்கம் சுற்றி ஓடினான். பின் ஷட்டருக்கு அவனிடமும் ஒரு சாவி உண்டு. பூட்டைத் திறந்து, ஒரே மூச்சில் ஷட்டரை மேலே தூக்கினான். தேனியில் பிறந்தவன், தேனியில் மீசை நரைத்தவன், ஆடி மாதத்தில், முன் ஷட்டர் ஆவென்று திறந்து கிடக்கும்போது! கோபம் வந்தால் மனுசனுக்கு மாதமே மறந்துவிடுகிறது.

காற்று வந்தது. சும்மா வரவில்லை, விசிலடித்துக்கொண்டு வந்தது. இரண்டு விசில்.

வேட்டி குபீரென்று பாய் மாதிரி விரிந்தது. நல்லவேளை, காக்கி டவுசர் போட்டிருந்தேன், டிரைவர் புத்தி. சறுக்கில் இறங்கினேனா பறந்தேனா தெரியாது. "யாஸ்மினு, ஒதுங்கு ஆத்தா!" என்று நான் சொன்ன சொல் எனக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. கடையின் பிவிசி சீலிங் பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. அதில் மாட்டியிருந்த கண்காணிப்பு கேமராவும் அதோடு போனது. அது கடைசியாகப் படம் பிடித்தது தரையை. ரோட்டில் புழுதி. பஸ் டிரைவரைத் தவிர கண்ணைத் திறந்திருந்த ஒரு ஆள் கிடையாது, அவனும் நிற்காமல் ஆண்டிபட்டிக்குப் போய்விட்டான். பஸ்ஸை முந்தி, வைக்கோல் ஏற்றிய டிராக்டரில் முகம் புதைத்து நின்றேன். மாடு மாதிரி கொஞ்சம் தின்றும் விட்டேன்.

திரும்பி வருவதற்குள் கர்ணன் பின் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, யோக்கியன் மாதிரி முன்னால் வந்து நின்றான்.

"பாருங்க, சறுக்கு அதிர்ந்து எங் கட்டடமே பேந்துபோச்சு. கடையக் காலி பண்ணணும்."

"பின் ஷட்டரத் தூக்குனது யாரு?" என்று யாஸ்மின் கத்தினாள்.

"நான் தொடவே இல்ல. காத்தாம், வேட்டியாம், பஸ்ஸாம்! டிரைவரு வாயில என்னிக்கு உண்ம வந்துச்சு?"

ஒரு வாரம் இதையே தெருத் தெருவாகச் சொன்னான். நான் பொய்யனாம். என்னை! கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். இல்லாததை ஒரு நாளும் சொன்னதில்லை.

வியாபாரிகள் சங்கத் தலைவர் அமானுல்லா, இரும்புக் கடைக்காரர். அவர் சொல் எங்கள் பஜாரில் நிற்கும். பஞ்சாயத்து பேச உரிந்த சீலிங்குக்கு அடியிலேயே வந்து உட்கார்ந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "லூர்து, நான் நம்புறேன். ஆனா கட்டடம் அவருது. உண்ம அவரு வாயால வந்தாத்தேன் கட கையில நிக்கும்" என்றார்.

யாஸ்மின் என் சட்டையைப் பிடித்தாள். அழுகை இல்லை, அத்தனையும் கோபம். "மாமா, இன்னிக்கு ஒரு நாளு நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. என் கட போயிரும்."

சரி என்று தலையாட்டினேன். எதிரே கர்ணன் கையைக் கட்டிக்கொண்டு இளித்தான். அந்த இளிப்பைப் பார்த்ததும் கியரை மாற்றினேன்.

"பாய், கர்ணன் மேல தப்பே இல்ல. ஷட்டரு தானாத் தெறந்துச்சு. அதத் தூக்க அவருக்குத் தெம்பு ஏது? காத்தப் பாத்ததும், பாவம், 'ஆத்தா'ன்னு அலறி, குப்புற விழுந்து, பாப்பா ஷூ அலமாரிக் காலக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாரு. 'டிரைவரே, எனக்குக் காத்துன்னா பயம்'னு ஒரே அழுக. நாந்தேன் மூக்கத் தொடச்சுவிட்டேன்."

வாசலில் நின்ற கூட்டம் கெக்கெக்கே என்றது. யாஸ்மின் தலையில் கை வைத்துவிட்டாள். கர்ணன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது.

"யோவ்! யாருய்யா அழுதது? எனக்கா தெம்பில்ல? துருப்பிடிச்ச ஷட்டரு அது, ரெண்டாளு தூக்கணும். நான் ஒத்தக் கையில தூக்கினேன்! காத்து அடிச்சப்ப கம்பியப் பிடிச்சு மலையாட்டம் நின்னேன்! வேட்டி விரிய வாசலத் தாண்டிப் போனது நீருய்யா!"

தொங்கிக்கொண்டிருந்த கடைசிப் பட்டை ஒன்று டொப்பென்று விழுந்தது.

அமானுல்லா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த ஷட்டரு, கர்ணா?"

கர்ணன் குனிந்து, உருண்ட ஸ்டூலை எடுத்து நிமிர்த்தினான்.

"ஆடி மாசத்துல ஷட்டரத் தூக்குனவரே சீலிங்கப் போட்டுக் குடுத்துருங்க. சறுக்கு இங்கனயே இருக்கட்டும். மதியம் அவரு தூங்குற நேரத்துக்கு மட்டும் லீவு. என்ன யாஸ்மினு?" என்றார் அமானுல்லா.

"சரிங்க பாய்" என்றாள் அவள். அப்புறமும் உட்காரவில்லை. "ஆனா எங்க மாமாவப் பொய்யன்னு தெருவெல்லாம் சொன்னாகள்ல? அவுக வாயாலயே இப்பச் சொல்லட்டும்."

கர்ணன் தரையைப் பார்த்தான். "பறந்தாக" என்றான்.

"யாரு?" என்றாள் யாஸ்மின்.

"லூர்தண்ணேதேன். பறந்தாக."

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. "பஸ்ஸு?" என்றேன்.

கர்ணன் பல்லைக் கடித்தான். "சந்துலருந்து வாசலு நேராத் தெரியுமுல்ல. பாத்தேன். ஆண்டிபட்டி பஸ்ஸு பின்னாலதேன் போச்சு. முந்தத்தேன் செஞ்சாக."