பஹீமா அறுத்த பலகை

அபாயா என்னும் நீள அங்கி தைக்கத் துணி விரித்து வெட்டுவதற்கு நீளமான மேசை ஒன்று வேண்டும் என்று பஹீமா வெகுநாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஷார்ஜா வேலையை விட்டுவிட்டுக் காரைக்காலுக்கே வந்துவிட்ட அவள் கணவன் காஜா நஜ்முதீன், நானே செய்து தருகிறேன் என்று கொல்லைக் கொட்டகையில் மேசை ரம்பம் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். மேசையின் நடுவே வட்ட பிளேடு சுழலும். பலகையைத் தள்ளினால் அறுத்துவிடும்.

முதல் பலகையே அவனைச் சாய்த்தது. பாதி அறுபட்ட வேப்பம்பலகை எகிறி வந்து விலாவில் அடித்ததில் மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டான். எலும்பு தப்பியது. வீக்கம் வடிந்த பிறகும் அவன் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

"மெஷின வித்துடலாம் பஹீமா. அது என் கைக்கு ஒத்துவரல."

"ஏன் எகிறுச்சுன்னு தெரியாமயே விக்கிறதா மச்சான்?"

அவள் அந்தப் பலகையை எடுத்துப் பார்த்தாள். அறுபட்ட இடைவெளி அறுப்பு நின்ற இடத்தில் அகலமாக இருந்தது. தொடக்க முனைக்கு வரவர இரு பக்கமும் வளைந்து ஒட்டியிருந்தது. மெஷின் வந்த அட்டைப்பெட்டியைக் கிளறினாள். பிளேடு மூடியும், வளைந்த இரும்புத் தகடு ஒன்றும் பிரிக்காமலே கிடந்தன. விளக்கப் புத்தகத்தின் படத்தில் அந்தத் தகடு பிளேடுக்குப் பின்னால் நின்றது.

"இத ஏன் மாட்டல?"

"பார்வைய மறைக்குதுன்னு வச்சிட்டேன்."

"அறுத்த மரம் திரும்பி மூடிக்கிட்டு பிளேடக் கவ்வாம தடுக்கத்தான் இது. கவ்வுனதாலதான் தூக்கி வீசிருக்கு. நீங்க நேர் பின்னால நின்னிருக்கீங்க."

மறுநாள் காலை அவளே கொட்டகையில் இறங்கினாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தகட்டையும் மூடியையும் பொருத்தினாள். பலகையை ஒட்டித் தள்ளும் அணைகட்டை பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்தாள். வளையல்களைக் கழற்றினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள். நஜ்முதீன் கையுறையை நீட்டினான்.

"வேணாம். பிளேடு அதப் புடிச்சா கையும் சேந்து போயிடும். கண்ணுக்குப் போடுற கண்ணாடி மட்டும் குடுங்க."

"எனக்குப் பயமா இருக்கு புள்ள."

"எனக்குந்தான். நீங்க தள்ளி நில்லுங்க."

மெஷின் இரைந்தது. பிளேடின் நேர்கோட்டை விட்டு இடப்பக்கம் ஒதுங்கி நின்று பலகையை நகர்த்தினாள். பாதி தாண்டியதும் பலகை கனத்தது. மரம் மறுபடியும் மூடிக்கொண்டு அந்தத் தகட்டை இறுக்கியது. அவள் அழுத்தித் தள்ளவுமில்லை, பின்னுக்கு இழுக்கவுமில்லை. பலகையை அப்படியே பிடித்தபடி முழங்காலால் சிவப்பு பட்டனை அமுக்கினாள். பிளேடு முழுதாக நிற்கும்வரை அசையவில்லை.

"எகிறல!" என்றான் அவன்.

"எகிறாது."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தகட்டுக்குப் பின்னாலிருந்த இடைவெளியில் ஒரு சிறு ஆப்பைச் செருகினாள். இறுக்கம் விட்டது. பல் மரத்தைத் தொடாதபடி பலகையைச் சற்றே பின்னுக்கு நகர்த்தி, பிளக்கைச் செருகி மெஷினை மீண்டும் ஓட்டினாள். கடைசி ஜாண் வந்ததும் விரல்களை விலக்கிக்கொண்டு தள்ளுகட்டையால் தள்ளினாள். பலகை இரண்டாகப் பிரிந்து அந்தப் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் வழுக்கிப் போய் நின்றது.

மெஷினை நிறுத்திவிட்டு அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு எழில்மதி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சு பஹீமா? கை கிய்யில பட்டுச்சா?"

பஹீமா மரத்தூள் அப்பிய பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

"ஒண்ணும் ஆகல. பலக அறுத்துட்டேன்!"

நஜ்முதீன் அறுபட்ட விளிம்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. சிரித்தபடியே அடுத்த பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கண்ணாடியக் கழட்டிக் குடு. இத நான் அறுக்குறேன்."

"குடுக்குறேன். எங்க நிப்பீங்க, மொதல்ல அதச் சொல்லுங்க."

அவன் இடப்பக்கம் நகர்ந்து நின்று காட்டினான். அந்த வாரமே மேசை முடிந்து கூடத்துக்கு வந்தது. கறுப்புத் துணியை ஒரே வீச்சில் முழு நீளத்துக்கும் விரித்துவிட்டு, பஹீமா கத்தரியை எடுத்தாள்.