முறியாத முனை

ஆட்கள் வருவதற்குள் கூடத்தை இன்னொரு தரம் பெருக்கிவிடலாம் என்று அவள் குனிந்தாள். நாத்தனார் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன அண்ணி, அண்ணனைக் கிடத்தியிருக்கு. இப்போ போய்...”

“வெறுங்காலோட வருவாங்க. சில்லு குத்தும்.”

பம்பு கம்பெனியில் சரக்கறைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவள் கணவர். ஓய்வுக்குப் பிறகு நேராகக் கற்காலத்தில் போய் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். தொடையில் தோல் துண்டை விரித்து, உருண்டைக் கல்லால் தட்டி, செம்புக் கம்பியால் ஓரத்தை நெம்பி நெம்பி அம்பு முனை செய்யப் பழகினார். எல்லாம் உருவாகிவரும், கடைசி நெம்பில் முறிந்துவிடும்.

“இந்த எரிச்சல்லதான் மனுஷன் இரும்பையே கண்டுபிடிச்சிருப்பான்” என்பாள். அவர் சிரிப்பார். தன்னைக் கேலி செய்தால் முதலில் சிரிப்பவர் அவர்தான். கேட்டுவிட்டு மறுபடி தட்டுவார். கல்லுளிமங்கன்.

நேற்றுக் காலை பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, ஒரு நிமிஷம் வந்து பாரேன். முறியல.”

“அடுப்புல பால் இருக்கு. அப்புறம்.”

“இதால பீன்ஸே நறுக்கலாம்.”

“அதை மட்டும் என் சமையலறைக்குள்ள கொண்டு வந்துடாதீங்க.”

“சரி. அப்புறம் பாரு.”

பாலை இறக்கி, பாத்திரத்தைக் கழுவி, அவள் போனபோது சுவரில் சாய்ந்திருந்தார். தூக்கம் என்றுதான் நினைத்தாள். உள்ளங்கையில் அந்த வெள்ளை முனை.

அதை யாரோ எடுத்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். அவர் உறுப்பினராக இருந்த தொல்லாயுத ஆய்வு மன்றத்தின் தலைவர் வந்தவுடன் அதைத்தான் பார்த்தார். மன்றத்தில் மொத்தம் ஐந்து பேர். அதில் நான்கு பேர் நிர்வாகிகள். கண்ணில் சில்லு தெறிக்கும் என்று தலைவர் இதுவரை கல்லைத் தொட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முனையை உயர்த்திப் பிடித்தார்.

“அன்பர்களே, இந்த வெண்ணிறக் கல் எந்த மலையின் மடியில் பிறந்ததோ! எத்தனை யுகங்கள் இந்தக் கரங்களுக்காகக் காத்திருந்ததோ!”

துணைத்தலைவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். தலைவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மன்றத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப்போறோம்மா.”

“குடுத்துடுங்க. நான் இன்னும் சரியாப் பாக்கல.”

“துக்கத்துல பேசறீங்க. இது இனிமே உங்க வீட்டுப் பொருள் இல்ல. வரலாற்றோட பொருள்.”

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் கூடம் சிரிக்கும். சொல்லாவிட்டால் அது அந்தப் பையோடு போய்விடும்.

“எங்க வீட்டுப் பொருள்தாங்க. பழைய கக்கூஸ் பீங்கான். குளியலறையை மாத்தினப்போ உடைச்சது.”

தலைவர் முனையை இரண்டு விரலால் எடுத்து நாற்காலியில் வைத்தார். பிறகு அந்த விரல்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். துணைத்தலைவர் முகம் கழுவக் குழாயைத் தேடிப் போனார். பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பு கிளம்பி இருமலாக முடிந்தது. அது அப்படியே பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தொற்றியது.

சேர்ந்து சிரிக்கவேண்டியவர் பேசாமல் படுத்திருந்தார். அவள் முனையைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியானது. நாத்தனார் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“நீங்க போய்ப் படுங்க அண்ணி. நான் ஏதாவது பண்றேன்.”

அவள் கூடையிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்துப் பலகையில் வைத்தாள். தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை ஓரத்தை வைத்து மெல்ல அழுத்தினாள். நாரோடு துண்டாகி விழுந்தது.

“கத்தி இதோ இருக்கே அண்ணி.”

“இருக்கட்டும்.”

அடுத்த பீன்ஸை எடுத்தாள்.