டி டிரைவைத் தொடாதீர்கள்

அக்கா கட்டட வரைபடம் போடுபவள். அவளுடைய பழைய மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் அதற்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடுவதுபோல அமைத்து, பதினோரு வருட வரைபடங்கள் இருக்கும் டி டிரைவை நேரடியாக அதில் இணைத்தேன்.

"ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்க முடியாது. உள்ள இருக்கற கம்ப்யூட்டர் டி டிரைவ்ல எழுதறப்போ, வெளிய இருக்கறது அதைத் திறந்து வச்சிருக்கக் கூடாது. வச்சிருந்தா மொத்தமும் குப்பைதான். மாமா, நீங்க அங்கயே நில்லுங்க."

மாமா அக்காவின் கணவர். ரிமோட்டைப் பிரித்து மாட்டிவிட்டு, மிச்சமான திருகாணியோடு நிற்பவர். மேசையிலிருந்து இரண்டடி தள்ளி அவரை நிறுத்தியிருந்தேன்.

உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடம் திறந்தது. அக்கா ஒரு சுவரை நகர்த்தினாள்.

"சேவ் பண்ணட்டுமா?"

பண்ணு என்று சொல்ல வாயெடுத்தவன் திரையின் ஓரத்தைப் பார்த்தேன். வெளிக் கம்ப்யூட்டரிலும் டி டிரைவ் திறந்தே இருந்தது.

"கையை எடு."

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. எதையும் சேமிக்காமல் உள்ளே இருந்ததை அணைத்தேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாமா. எதுக்கு இதைத் திறந்தீங்க?"

அக்காதான் சொன்னாள்.

"காலைல, 'எல்லாம் பத்திரமா இருக்கு பாரு'ன்னு நீதானேடா திறந்து காட்டின. அப்புறம் மூடவே இல்ல."

மாமா அப்போதும் நான் நிறுத்திய இடத்திலேயே, மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.