கசாப்புக்காரனின் மனைவி எங்கே போனாள்

ஞாயிறு மத்தியானம் என்றால் லிம்பர்ட்டுக்குக் கால்பந்துதான். மைதானத்துக்குப் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவான். அந்த நம்பிக்கையில்தான் அவன் மனைவி சுல்மா, தன் கதையை வானொலியில் வேறொருவர் வாசிக்கச் சம்மதித்திருந்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கொச்சபம்பா நகரத்தில் காலையிலிருந்தே மழை. ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மழை விட்டதும் லிம்பர்ட் சேறு படிந்த தன் மினிபஸ்ஸை முற்றத்தில் நிறுத்திக் கழுவ ஆரம்பித்தான். வண்டிக்குள் வானொலி பாடிக்கொண்டிருந்தது.

சுல்மா சமையலறை ஜன்னலோரம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் வேர்க்கடலை சூப் கொதித்தது. நாலு வயது மகள் அனாகீ மேஜைக்கடியில் மூடிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றது. "இப்போது பெண்கள் நேரம்" என்று நிகழ்ச்சி நடத்துகிற மார்லேனியின் குரல் கேட்டதும் சுல்மாவின் கையிலிருந்த கத்தி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

சுல்மா விடியற்காலையில் சந்தை வாசலில் ஊதாச்சோளக் கஞ்சி விற்கிறவள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பெண்கள் மையத்துக்குப் போவாள். கீழே ரொட்டி வகுப்பு, மாடியில் எழுத்து வகுப்பு. லிம்பர்ட்டிடம் சொன்னது ரொட்டி வகுப்பு என்று. வீட்டுக்கு வெறுங்கையோடு வர முடியாது. அதனால் கீழ் வகுப்புக்கும் போய்வருகிற, எல்லாரும் மரியாதையாக 'டோன்யா' என்று கூப்பிடும் கோழிக்கடை பிரிமிடிவா, தான் சுட்டதில் இரண்டை ஒவ்வொரு வாரமும் அவள் பையில் திணித்து அனுப்புவாள். லிம்பர்ட் அதைத் தின்றுவிட்டு, "போன வாரத்துக்கு இது தேவலை. உப்புதான் கம்மி" என்பான்.

மாடியில் எழுத்து வகுப்பு நடத்துகிறவளும் அதே மார்லேனிதான். ஒருநாள் சொன்னாள்: "யாரைப் பார்த்தா உங்களுக்கு ரொம்பப் பயமோ, அந்த ஆளாவே மாறி எழுதுங்க. 'அவன்'னு வேண்டாம், 'நான்'னு எழுதுங்க. திட்டவும் கூடாது, மன்னிக்கவும் கூடாது. அந்த ஆளு எங்க நின்னு பாக்கறான்னு மட்டும் பாருங்க."

"எனக்கு என் மருமகளைப் பார்த்துதான் பயம்" என்றாள் பிரிமிடிவா. எல்லாரும் சிரித்தார்கள். சுல்மாவும் சிரித்தாள்.

பிறகு எழுதினாள். *நான் களைத்துப்போனவன்.* அந்த 'வன்' வந்து விழுந்ததும் டீசல் நாற்றமடிக்கும் அவன் சட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டதுபோல உடம்பெல்லாம் கூசியது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. அவன் என்ன நினைப்பான், எதற்கு எரிச்சல்படுவான், அடித்த பிறகு தன்னைத்தானே எப்படிச் சமாதானம் செய்துகொள்வான் என்று வரி வரியாக வந்தது. இத்தனையையும் தான் மனப்பாடம் செய்துவைத்திருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. பெயரை மாற்றினாள், தொழிலை மாற்றினாள். கதையில் அவன் கசாப்புக்காரன், மனைவி பூக்காரி. ஒருநாள் அவன் வீட்டுக்கு வருகிறான், அடுப்பு அணைந்து கிடக்கிறது, மனைவியையும் குழந்தையையும் காணோம். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறான். கதை அங்கே நின்றது. தாள்களை மையத்திலேயே விட்டுவிட்டு வந்தாள்.

இப்போது அந்தக் கதையை ஓர் ஆண்குரல் வாசித்தது. கனமான, பொறுமையான குரல்.

*நான் கையை ஓங்குவதற்கு முன்பே அவள் முகத்தை மூடிக்கொள்கிறாள். அதுதான் எனக்கு ஆத்திரம். நான் என்ன மிருகமா?*

முற்றத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. லிம்பர்ட் குழாயை மூடிவிட்டு, வண்டிக்குள் கையை விட்டு ஒலியைக் கூட்டினான். சுல்மாவுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வாசலுக்குப் போக முற்றத்தைத் தாண்ட வேண்டும். அவள் கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள். தோல் போய், சதையும் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டியா?" என்று கத்தினான் லிம்பர்ட். "ஏ சுல்மா, இவன் சொல்றதைக் கேட்டியா? நியாயமாப் பேசறான்யா!"

கதை முடிந்ததும் மார்லேனி, மேற்கொண்டு என்ன நடந்திருக்கும் என்று நேயர்கள் தொலைபேசியில் சொல்லலாம் என்றாள். லிம்பர்ட் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு செல்லை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் அவன் வாயிலிருந்தும், ஒரு நொடி பின்தங்கி வண்டிக்குள்ளிருந்தும் கேட்டது.

"நான் லிம்பர்ட், மினிபஸ் ஓட்டறேன். அந்தக் கசாப்புக்காரன் ஒரு மடையன். பொண்டாட்டி போயிட்டான்னா எவனாவது கட்டில்ல குந்துவானா? நானா இருந்தா முதல்ல பஸ் ஸ்டாண்டுக்கு போன் போடுவேன். அங்க டிக்கெட் குடுக்கறவன் பூரா நம்ம ஆளுங்க. அவளுக்கு ஒரு அக்கா இருப்பா இல்ல? ஓரூரோவுலன்னு வெச்சுக்குங்க. அங்க போயிடுவேன். கதவைத் தட்ட மாட்டேன். எதிர்ல ரொட்டிக்கடை இருக்கும், அதுல உக்காந்துப்பேன். புள்ளையைக் கூட்டிக்கிட்டு என்னைக்காவது ரொட்டி வாங்க வந்துதானே ஆகணும்? புள்ளையை மட்டும் தூக்குவேன். கத்த மாட்டேன், அடிக்க மாட்டேன். அவ தானா பின்னாடி வருவா."

மறுமுனையில் மார்லேனி, "நன்றிங்க" என்றாள். அடுத்த அழைப்பை எடுக்காமல் பாட்டைப் போட்டுவிட்டாள்.

சுல்மாவின் அக்கா எல்வா இருப்பது ஓரூரோவில். அவள் வீட்டுக்கு எதிரில் ரொட்டிக்கடை இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை அங்கே போய்விடுவதென்று சுல்மா அக்காவிடமும் பிரிமிடிவாவிடமும் சொல்லியும் வைத்திருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் லிம்பர்ட் உற்சாகமாக இருந்தான். ரேடியோவில் பேசிவிட்ட பெருமை. இரண்டாம் தடவை சூப் ஊற்றச் சொன்னான். சுல்மா ஊற்றினாள். கேட்டுவிடு, கேட்காதே என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டாள்.

"அவ அக்கா வீட்டுக்குப் போகலைன்னா?"

"வேற எங்க போவா?"

"தெரியல. வேற எங்கயாவது."

கரண்டியைப் பாதியில் நிறுத்தி யோசித்தான். நெற்றி சுருங்கியது. "அவளுக்கு வேற யாரு இருக்கா?" என்றான் கடைசியில். சுல்மா அதை மனசில் குறித்துக்கொண்டாள்.

அவன் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். மென்றுகொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "ஆனா ஒண்ணு. அவன் கசாப்புக்காரன் இல்லே."

"ஏன்?"

"உக்காந்து உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சுங்கறான். கசாப்புக்காரன் நின்னுக்கிட்டே வேலை செய்யறவன்டி. அவனுக்கு எப்படி உக்காந்து இடுப்பு வலிக்கும்?"

சுல்மா பாத்திரத்தை எடுத்து அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். எத்தனை கவனமாகத் தொழிலை மாற்றினாள்! அந்த ஒரு வரி மட்டும் ராத்திரிதோறும் அவன் இடுப்பில் தைலம் தேய்க்கிற கையிலிருந்து தானாக வந்து விழுந்திருக்கிறது.

"எழுதின ஆளுக்குக் கசாப்பு வேலை தெரியாதோ என்னவோ" என்றாள்.

"டிரைவரா இருப்பான்" என்றான் லிம்பர்ட். இப்போது அவளை நேராகப் பார்த்தான். "என்ன, கை இப்படி ஆடுது?"

"சூடு. பாத்திரம் சூடு."

அவன் பார்வையை எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அனாகீ தன் சூப்பைக் கவிழ்த்தாள். அவன், "சனியனே!" என்று எழுந்து சட்டையை உதறினான். சுல்மா துணியோடு குனிந்தாள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

மறுநாள் காலை சந்தை வாசலில் கஞ்சி அண்டா காலியாகும் நேரத்தில் பிரிமிடிவா வந்தாள். அனாகீ பக்கத்தில் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கமான கேலிப்பேச்சு ஒன்றும் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"நேத்து ரேடியோவுல பேசினது உன் ஆளுதானே?"

சுல்மா தலையாட்டினாள்.

"மார்லேனி என்கிட்ட போன்ல அழுதுட்டா. உன் கதையை ரேடியோவுல வாசிக்கக் கேட்டதே தப்புன்னு. நான் சொன்னேன், அழுவறதை அப்புறம் வெச்சுக்கடி, முதல்ல அவன் பேசின டேப்பைப் பத்திரமா எடுத்து வைன்னு. நீ ஓரூரோ போவாதே."

"போகல டோன்யா. அவனுக்கு அக்கா வீட்டை விட்டா வேற எடம் தெரியல. கேட்டுப் பார்த்துட்டேன்."

பிரிமிடிவா அவளை வியப்போடு பார்த்தாள். "அவன்கிட்டயேவா கேட்டே? அடி பாவி!" என்றாள். பிறகு, "என் கோழி லாரி இப்போ காலிக் கூண்டோட அய்க்கிலே ஊருக்குத் திரும்புது. அங்க என் ஒண்ணுவிட்ட தங்கச்சி எர்லிண்டா இருக்கா. தனியாத்தான் இருக்கா. பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போவ வேண்டாம். புள்ளையைத் தூக்கு" என்றாள்.

"துணிமணி..."

"தூக்குடி புள்ளையை!"

அண்டாவை அப்படியே விட்டுவிட்டு சுல்மா லாரியில் ஏறினாள். கூண்டுகளுக்கு நடுவே பிரிமிடிவா ஒரு போர்வையை விரித்திருந்தாள். எச்சமும் இறகும் நாறின. அனாகீக்கு எல்லாம் வேடிக்கை. "கோழி எல்லாம் எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஊரெல்லையில் சுங்கச்சாவடி. லாரி வரிசையில் நின்றது. சுல்மா கூண்டுக் கம்பிகளின் இடுக்கு வழியே பார்த்தாள். பக்கத்து வரிசையில் லிம்பர்ட்டின் சங்கத்து மினிபஸ். ஓட்டுநர் ஃபெர்மின். அவளிடம் தினம் தவறாமல் கஞ்சி குடித்துவிட்டுப் போகிறவன். அவன் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு லாரியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். சுல்மா மகளின் வாயைப் பொத்தி மார்போடு அழுத்தினாள். குழந்தையின் மூச்சு உள்ளங்கையில் சுட்டது. ஓர் இறகு பறந்து வந்து அனாகீயின் மூக்கில் ஒட்டியது. தும்மினாள். ஃபெர்மின் தலையைத் திருப்பினான். அவன் கண்ணும் சுல்மாவின் கண்ணும் கம்பிக்கிடையில் சந்தித்தமாதிரி இருந்தது. சந்தித்ததா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடிக்க, அவன் கியரைப் போட்டுப் போய்விட்டான்.

அய்க்கிலே போய்ச் சேரும்வரை ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் மகளை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

லிம்பர்ட் சொன்னதையே செய்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போன் போட்டான். ஓரூரோ போனான். ரொட்டிக்கடையில் காபி வாங்கிக்கொண்டு எல்வாவின் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான். எல்வா திரைக்குப் பின்னாலிருந்து பார்த்து மார்லேனிக்குப் போன் செய்து சொல்ல, மார்லேனி அங்கிருந்த பெண் போலீஸ் ஒருத்தியைப் பிடித்தாள். விசாரித்தபோது லிம்பர்ட் சிரித்தானாம். "அட, ஒரு காபி குடிச்சா குத்தமா? ரேடியோவுல சொன்னது சும்மா கதைங்க!" என்றானாம். அந்தப் போலீஸ்காரி ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். ரொட்டிக்கடை என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். மனைவியையும் மகளையும் நெருங்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். ஜெயில் இல்லை. அவன் கொச்சபம்பாவுக்குத் திரும்பி, பழைய தடத்திலேயே மினிபஸ் ஓட்டுகிறான்.

இதையெல்லாம் மார்லேனி தொலைபேசியில் சொல்லி முடித்ததும் சுல்மாவுக்கு நிம்மதி வரவில்லை. உத்தரவு ஒரு காகிதம். மினிபஸ்ஸுக்குச் சக்கரம் இருக்கிறது.

எர்லிண்டா அதுவரை எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டாள், பாய் போட்டாள், அனாகீக்குத் தன் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் பின்னிக் கொடுத்தாள். அன்று மத்தியானம் சோளம் உதிர்த்துக்கொண்டே கேட்டாள்: "சொல்லணும்னு தோணினா சொல்லு. உனக்கு என்னதான் ஆச்சு?"

சுல்மா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, சோளக்கதிர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பதினேழு வயசு இருக்கறப்போ..." என்று ஆரம்பித்தாள்.