வடிகட்டிக்குப் பிரெஞ்சில் என்ன?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், எங்கள் ஊரான பர்னியின் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில், சாசேஜ் ரோலுக்கு வரிசையில் நின்றபோது வந்தது. எனக்கு முன்னால் கோரி பிரமிச் நின்றான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்பில் என்னோடு பிரெஞ்சு படித்தவன்.

"என் மூத்த பொண்ணு அடுத்த வருஷத்துக்கு என்ன பாடம்னு தேர்ந்தெடுக்கணும் சுக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். பிரெஞ்சுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"எடுக்கட்டுமே. என் வகுப்புலதான் உக்காருவா."

"வேணாம்னுட்டேன். எங்க குடும்பத்துக்கு மொழியெல்லாம் வராது. உனக்குத் தெரியாததா?"

நான் "ம்" என்றேன். சாஸ் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். அவன் சொன்னது பச்சைப் பொய் என்பது எனக்குத் தெரியும். அது பொய் என்று அவனுக்குத் தெரியாது. அதுதான் இந்தக் கதை.

2

முதல் வரியாக எழுதியது: "அன்று பர்னியில் மழை கொட்டிக்..." வேண்டாம். பர்னியில் என்றைக்குத்தான் மழை இல்லை? இரண்டாவது முயற்சி: "நட்பு என்பது..." சீ. என் மாணவர்கள் இப்படிக் கட்டுரை எழுதினால் சிவப்பு மையால் கோடு கிழிப்பேன். நேராக வகுப்புக்கே போவோம்.

ஜன்னல் பக்கம் பிரெஞ்சு, கதவுப் பக்கம் ஸ்பானிஷ். இரண்டுக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர், மிஸஸ் பாஸ்கோ. தனித்தனி வகுப்பு வைக்கப் பிள்ளைகள் போதாது. நாங்கள் வார்த்தைப் பட்டியலை முணுமுணுக்கும்போது அந்தப் பக்கம் "ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா" என்று வினைச்சொற்களைப் போட்டு உலுக்குவார்கள்.*

வாரம் ஒரு சோதனை. எங்கள் தாளை ஸ்பானிஷ்காரர்கள் திருத்துவார்கள், அவர்கள் தாளை நாங்கள். கையில் விடைப் பட்டியல் இருக்கும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டியதுதான். மொழி தெரியாதவன்தான் ஓரவஞ்சனை இல்லாமல் திருத்துவான் என்பது மிஸஸ் பாஸ்கோவின் கண்டுபிடிப்பு. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

என் தாள் எப்போதும் கிரலீக்குப் போகும், அவள் தாள் எனக்கு வரும். கிரலீ என் உயிர்த்தோழி. (இங்கே அவளை வர்ணித்து நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். படிக்கும்போது தேவதை மாதிரி இருந்தாள். நிஜக் கிரலீ என் சாண்ட்விச்சைக் கேட்காமல் எடுத்துத் தின்கிறவள்.)

* பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஸ்பானிஷில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

3

பிரெஞ்சு பேசும் தீவு நகரமான நூமேயாவுக்குப் பள்ளிச் சுற்றுலா. ஆறு இடம், அங்கே ஒரு குடும்பத்தோடு பத்து நாள். ஐந்து இடம் நிரம்பிவிட்டது. ஆறாவது இடத்துக்குக் கோரியும் நானும். ஐம்பது வார்த்தைச் சோதனையில் யாருக்கு மார்க் அதிகமோ அவர் போகலாம்.

நான் நாற்பத்தாறு சரியாக எழுதினேன். இரண்டு தப்பு. இரண்டு வெற்றிடம்: வடிகட்டி, தலையணை. வெற்றிடமாக விட்டேன் என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. தாள் திரும்பி வந்தபோது இரண்டிலும் விடை இருந்தது. என் நீல மை மாதிரியே, என் சாய்ந்த கையெழுத்து மாதிரியே. மேலே நாற்பத்தெட்டு.

கோரிக்கு நாற்பத்தேழு.

சாப்பாட்டு இடைவேளையில் கிரலீயைப் பிடித்தேன்.

"ஏய், என்னடி பண்ணி வச்சிருக்க?"

"ரெண்டு வருஷமா நீ விடுற தப்பையே திருத்திக்கிட்டு இருக்கேன். எனக்கு அந்த வார்த்தையெல்லாம் வராதா? பட்டியலப் பாக்கவே இல்ல, தெரியுமா!"

"கோரி?"

"அவனுக்கென்ன, மூளைக்காரன். அடுத்த வருஷம் போவான். நீதான் போகலேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என் உயிர எடுப்ப."

கோரி தானாகவே வந்து என் தோளில் தட்டினான். "ஜெயிச்சிட்ட போ! திங்கிறதுக்கு ஏதாவது கொண்டா." அடுத்த வருஷம் அவன் மரவேலை எடுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "பிரெஞ்சு எனக்கு ஓடல" என்றான். ஐம்பதுக்கு நாற்பத்தேழு வாங்கியவன் சொன்னான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரலீயின் ஸ்பானிஷ் தாளில் நான் ஒரு மார்க்கூடக் கூட்டிப் போட்டதில்லை. முப்பத்தொன்று என்றால் முப்பத்தொன்று. அப்போது அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

4

முடிவு, முதல் வகை: நான் அழுதுகொண்டே மிஸஸ் பாஸ்கோவிடம் ஓடுகிறேன், கோரி விமானம் ஏறுகிறான். அழகான முடிவு, ஆனால் நடக்கவில்லை.

இரண்டாம் வகை: நூமேயாவில் பத்து நாளும் குற்ற உணர்ச்சி என்னைத் தின்றது. அதுவும் பொய். நூமேயா அருமையாக இருந்தது! நான் தங்கிய வீட்டு அம்மா மூன்றாம் நாளே என்னைச் சமையலறைக்குள் விட்டார். பாஸ்தாவைக் கொட்டிவிட்டு "பாஸ்வார்!" என்று நான் கையை நீட்டினேன், அவர் வடிகட்டியை எடுத்துக் கொடுத்தார். அந்த நிமிஷமே பிரெஞ்சுதான் என் பிழைப்பு என்று முடிவு செய்தேன். நல்ல டீச்சர் நான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அந்தச் சமையலறையில் கோரி நின்றிருக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, கிரலீ மேல் கோபமாகவும் இருக்கிறது. அவள் மேல் எனக்கென்ன கோபம்? தாளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான்தானே.

5

ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அம்மாவிடம் கற்ற மொழி, ஆசை, அதெல்லாம் உண்டு. ஆனால் முக்கியக் காரணம், இந்த ஊரில் யாராலும் இதைப் படிக்க முடியாது. தைரியமாக எழுதலாம்.

அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்று வியாழன். பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறை எனக்கு. இந்தத் தாள்களை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். கோரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான்.

"என்ன எழுதுற? நான் இருக்கேனா அதுல?"

"இருக்க."

"அப்பக் குடு." வெடுக்கென்று முதல் இரண்டு தாளைப் பிடுங்கிக்கொண்டான்.

"உனக்குப் படிக்க வராதுடா."

"எனக்கு எதுக்கு வரணும்? போன் படிச்சுச் சொல்லும்."

என் கையெழுத்து அச்சுக் கோத்தது மாதிரி இருக்கும். என் கெட்ட நேரம். இப்போது அவன் பஸ் படியில் உட்கார்ந்து, தாளின் மேல் போனைப் பிடித்தபடி படிக்கிறான். பேக்கரி வரும் இடத்தில் சிரித்தான். மிஸஸ் பாஸ்கோ வந்ததும், "அய்யோ, அந்த அம்மா!" என்று தொடையில் தட்டிக்கொண்டான். சோதனை மூன்றாம் தாளில் இருக்கிறது. மூன்றாம் தாள் என் மடியில் இருக்கிறது, அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். படிவத்துக்கு நாளை கடைசி நாள்.

"பொய்னு எழுதியிருக்க, என்ன பொய்? சுக்கி, மூணாவது எங்க?"

"இரு, முடிக்கல."

எழுந்து வந்துவிட்டான். கையை நீட்டிக்கொண்டு எதிரே நிற்கிறான். நான் எழுதிக்கொண்டிருக்கும் வரைக்கும் பிடுங்கமாட்டான், அந்த அளவுக்கு நல்லவன். இந்தத் தாள் அவன் கைக்குப் போக வேண்டுமானால் நான் எழுதுவதை நிறுத்த வேண்டும். நீங்கள் படிப்பதை நிறுத்துங்கள், நானும் நிறுத்திவிடுகிறேன்.